அந்த டேபிள்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, நீர்மூழ்கியில இருந்து ஏவுற அணு ஏவுகணைங்களப் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் ஜோரா இருந்துச்சு, ஆனா எந்த நாட்டுக்கிட்ட எத்தன இருக்கு, எது எவ்ளோ தூரம் பாயும்னு பந்தயக் குதிர லிஸ்ட் மாதிரி ஒரு டேபிள் போட்டதோட நிறுத்திட்டீங்களேன்னு மனசு கேக்காமத்தான் எழுதுறேன்.

தரையில இருக்கற ஏவுகணைத் தளத்தையும் விமானத் தளத்தையும் சேட்டிலைட் காட்டிக் குடுத்துடும். மொத அடியிலயே எல்லாத்தையும் காலி பண்ணிடலாம்னு எதிரி கணக்குப் போடலாம். ஆனா எங்கயோ ஒரே ஒரு சப்மரின் கடலுக்கடியில பதுங்கிக் கெடந்தாலும் அந்தக் கணக்கு உதைக்கும், பதிலடி நிச்சயம் வரும்ல.

நீங்க போட்ட ரேஞ்சையே எடுத்துக்குங்க. 1960 ஜூலையில அமெரிக்காவோட ஜார்ஜ் வாஷிங்டன் சப்மரின், தண்ணிக்கடியில இருந்து போலாரிஸ் ஏவுகணைய விட்டுக் காமிச்சப்போ அதோட ரேஞ்ச் சுமார் 2,200 கிலோமீட்டர்தான், அப்போ மாஸ்கோவுக்குக் குறி வைக்கணும்னா நார்வே கடல் மாதிரி கிட்டத்துலயே போய் சுத்தணும், எதிரிக்கும் தேட வேண்டிய எடம் கொஞ்சம்தான். இப்போ இருக்கற ட்ரைடென்ட் 2 ஏவுகணை 7,000 கிலோமீட்டருக்கு மேல போகும், அதனால அட்லாண்டிக்ல ஏதோ ஒரு மூலையில சத்தம் போடாம மெதுவா நகந்துட்டிருந்தா போதும். ரேஞ்ச் கூடக் கூட ஒளியற கடல் பெருசாகுது, இத ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எவ்ளோ நல்லா ஒளியுதுன்னா, 2009 பிப்ரவரியில பிரிட்டனோட வேன்கார்ட், பிரான்ஸோட லெ ட்ரியோம்ஃபான்னு ரெண்டு அணு ஏவுகணை சப்மரினும் அட்லாண்டிக் அடியில ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிச்சு! பிரான்ஸ்காரங்க மொதல்ல ஏதோ கன்டெய்னர்ல மோதியிருக்கும்னு சொன்னாங்க. இத்தனைக்கும் நேச நாடுங்க, ரெண்டுலயும் 16 ஏவுகணை ஏத்தலாம். படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, அப்புறம் தூக்கம் வரல.

இன்னொண்ணு, உப்புத் தண்ணிக்குள்ள சாதாரண ரேடியோ அலை எறங்காது, ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண் அலைதான் சில மீட்டர் போகும், அத சப்மரின் நீளமான ஆன்டெனாவ இழுத்துட்டுப் போய் கேட்டுக்கும், பதில் பேசாது, பேசினா இருக்கற எடம் தெரிஞ்சுடும். சரி, கரையில உத்தரவு குடுக்க ஆளே மிச்சமில்லன்னா? பிரிட்டன்ல புதுசா வர்ற பிரதமர், அப்படி ஆனா என்ன செய்யணும்னு தன் கையால லெட்டர் எழுதி சீல் வெச்சு நாலு சப்மரின்லயும் பெட்டகத்துல பூட்டி வெச்சுடுவாங்க, பதவி போனதும் பிரிக்காமலே அழிச்சுடுவாங்க. உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது.

அந்த நாலுங்கற நம்பரும் சும்மா வரல. 1969ல இருந்து எப்பவும் ஒண்ணாவது கடல்ல இருக்கணும்னு வெச்சிருக்காங்க, ஒண்ணு ரோந்துல இருந்தா இன்னொண்ணு பராமரிப்புல கெடக்கும், மத்தது பயிற்சி, அடுத்த ரோந்துக்குத் தயாராகறதுன்னு ஓடிடும். நாலு வெச்சிருந்தாலும் பதிலடிக்கு நம்பறது அந்த ஒண்ணத்தான்.

அதனால அடுத்த தடவ டேபிள் போட்டா, ‘இன்னிக்கு கடல்ல எத்தன’ன்னு ஒரு கட்டம் சேருங்க சார். பாதி நாடுங்க சொல்லாது, பரவால்ல, காலியாவே விடுங்க.

இப்படிக்கு,
உங்க ரொம்ப நாள் வாசகர்