பொங்கலில் நெய் ஊற்றுமுன்: மாரத்தான் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நகரங்களில் மாரத்தான் ஓட்டங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றுக்காக ஓட்டக்காரர்களைத் தயார்செய்யும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

பால், தயிர், நெய், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்ணாத வீகன் உணவுமுறையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் நானும் ஒருத்தி. விடியுமுன் சாலைகளை ஒழுங்குபடுத்தி, வழிநெடுகத் தண்ணீர் மேசைகள் போட்டு, ஓடி முடிப்பவர்களுக்குச் சிற்றுண்டியும் தருகிற உங்கள் உழைப்பை அறிந்தே இதை எழுதுகிறேன். எங்களுக்கெனத் தனிச் சமையல் வேண்டாம். பரிமாறும் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். நெய்யும் தயிரும் சேருமுன் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். கேட்பது இவ்வளவே.

நம் ஊர்க் காலைச் சிற்றுண்டியில் பாதிக்கு மேல் இயல்பாகவே வீகன் என்பதால் இது பெரிய சுமையாக இராது. இட்லியும் சாம்பாரும் அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, காய்கறிகளால் ஆனவை. ஓடிக் களைத்த தசைகள் இழந்த மாவுச்சத்தை மீட்கவும், அதனுடன் ஓரளவு புரதம் பெறவும் இவற்றைவிட எளிய உணவைத் தேட வேண்டியதில்லை. இடறும் இடங்கள் சிலவே: பொங்கலில் ஊற்றும் நெய், சாம்பாரை நெய்யில் தாளிப்பது, சில சமையற்காரர்கள் தேங்காய்ச் சட்னியில் கலக்கும் தயிர், கேசரி, தயிர்சாதம், பால் சேர்த்த காபி. வரிசையில் நிற்கும்போது பரிமாறுபவரிடம் கேட்டால், சமைத்தவர் அவர் இல்லை என்பதால் “தெரியாது” என்றே பதில் வருகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. சமையல் ஒப்பந்தக்காரரிடம் முதல்நாளே கேட்டு எழுதிவைக்க வேண்டிய செய்தி அது.

பதிவுப் படிவங்களில் சைவம், அசைவம் என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் இருப்பது போதாது. பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளி, பாலும் நெய்யும் சேர்ந்த பண்டங்களுக்கும் உரியது. இந்தத் தேவையை உணர்ந்தே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2022இல் வீகன் உணவுகளுக்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டு, அவற்றுக்குத் தனி முத்திரையையும் வகுத்தது. அரசு ஏற்றுக்கொண்ட ஒரு பிரிவுக்குப் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்ப்பது கடினமன்று.

ஓடும்போது சிக்கல் இன்னும் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் பொதுவான பரிந்துரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே ஏறத்தாழ 25 கிராம் கிடைத்துவிடும். பேரீச்சம்பழமும், உப்பிட்ட எலுமிச்சைச் சாறும், ஓஆர்எஸ் கரைசலும் எங்களுக்கு ஏற்றவை. கடலைமிட்டாயை மட்டும் முடிவுக்கோட்டுக்கு அப்பால் வைத்தால் எல்லோருக்கும் நல்லது. கொழுப்பு மிகுந்ததால் ஓடும்போது வயிற்றில் தங்கித் தொல்லை தரும். தண்ணீர் மேசைகளில் மோர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை, பக்கத்தில் வேறொரு உப்புக் கரைசலும் இருக்கட்டும். ஓடும்போதே உறிஞ்சிக்கொள்ளும் சர்க்கரைக் கூழான ஜெல் பொட்டலங்களில் தேனும், மெல்லும் மிட்டாய்களில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் இருக்கக்கூடும் என்பதால், இன்ன நிறுவனத்தின் பொருளைத் தரப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

பயிற்சியாளர்களுக்கும் சில சொற்கள். “பாலை விட்டால் எலும்பு தாங்காது” என்று நீங்கள் எச்சரிப்பது வெறும் பயமுறுத்தல் அன்று. பிரிட்டனில் பல்வேறு உணவுமுறையினரை நெடுங்காலம் பின்தொடர்ந்து, 2020இல் வெளியான இபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வில் வீகன்களிடம் எலும்பு முறிவு கூடுதலாகவே காணப்பட்டது. உடல் எடை, சுண்ணாம்புச்சத்து, புரதம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபோது அந்த வேறுபாடு குறைந்ததே தவிர மறையவில்லை. ஆகவே சுண்ணாம்புச்சத்து மிகுந்த கேழ்வரகையும் எள்ளையும் தவறாமல் உண்ணச் சொல்லுங்கள், உடல் மெலிவதையே சாதனையாகக் கொண்டாடாதீர்கள். வைட்டமின் பி12 சத்துக்கு மாத்திரையோ அந்தச் சத்தைச் செறிவூட்டிய உணவோ கட்டாயம் வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை, கீரையும் முளைகட்டிய பயறும் அதற்கு ஈடாகா. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. எலுமிச்சையும் நெல்லியும் அதற்குத் துணைசெய்ய, உணவோடு குடிக்கும் காபியும் தேநீரும் தடுக்கின்றன. மாதவிடாய்க் குருதியிழப்பும் சேர்வதால், பெண் ஓட்டக்காரர்கள் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. புரதமோ, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்ற பரிந்துரையை எட்டப் பருப்பு, சோயா, நிலக்கடலை, கொண்டைக்கடலையைத் திட்டமிட்டு உண்டாலே போதும்.

1999இல் வீகனாக மாறிய அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக், 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை, 100 மைல் நீளமுள்ள வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் வென்றார். இந்த உணவு ஒருவரை வேகமாக்கும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட மாட்டேன். எங்களில் சிலர் அப்படிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இந்த உணவோடு அவ்வளவு தூரம் ஓட முடியும் என்பதை மட்டும் அது காட்டுகிறது, எங்கள் கோரிக்கைக்கு அதுவே போதும்.

அடுத்த பதிவு தொடங்குமுன் படிவத்தில் அந்த மூன்றாவது கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்தால், எத்தனை தட்டு நெய்யில்லாப் பொங்கல் வேண்டும் என்பதைச் சமையற்காரரிடம் சரியாகச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் ஓட்டக்காரி