எங்கள் பையனைத் தாங்கிய ஊருக்கு

முக்கூடல் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும் பாளையங்கோட்டையில் எங்களைப் பார்த்த மருத்துவர்களுக்கும், பீடி சுற்றிப் பிழைக்கும் அத்தை ஒருத்தி எழுதும் நன்றி மடல் இது. பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்ட என் அண்ணன் மகனுக்கு வருகிற ஆனியில் பதினாறு முடிகிறது. பெயரை எழுதவில்லை. ஊருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

முதல் நன்றி என் மதினிக்கு. இதைப் படித்துச் சிலர் முகம் சுளிப்பீர்கள், சுளியுங்கள். செங்கல் சூளையில் நாள் முழுக்கக் கல் சுமந்துவிட்டு, உடம்பு வலிக்கு என்று அவள் சாயங்காலம் குடித்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் குடித்தாள். அது பிள்ளைக்கு ஆகாது என்று அன்றைக்கு அவளிடம் சொல்ல யாருமில்லை. பல வருடம் கழித்து, எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அந்த டாக்டரம்மா கேட்டபோது, மதினி ஒளிக்காமல் சொன்னாள். இந்தப் பாதிப்பைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. முகம், வளர்ச்சி, நடத்தை, தாய் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம், அதாவது தாய் குடித்த மதுவால் வயிற்றிலேயே பிள்ளைக்கு வரும் பாதிப்பு, என்று முடிவு செய்கிறார்கள். அவள் வாய் திறந்திருக்காவிட்டால் நாங்கள் இன்னும் குலதெய்வக் குறையைத் தேடிக்கொண்டிருப்போம்.

டாக்டரம்மா, நீங்கள் அவளைத் திட்டவில்லை, அதற்கும் நன்றி. தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, அதை முறிக்கும் அளவுக்குக் கருவின் ஈரல் வளர்ந்திருக்காது, அதனால் மூளைதான் அதிகம் அடிபடுகிறது என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னீர்கள். பீர், பிராந்தி, கள் எதுவானாலும் ஒன்றுதான், இத்தனை மாதத்துக்குப் பிறகு பரவாயில்லை என்ற கணக்கும் கிடையாது என்றீர்கள். சின்னக் கண், மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளம் விழாத வழவழப்பு: இதையெல்லாம் தாத்தா ஜாடை என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். 1973இல் சியாட்டில் மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். எங்கள் ஊருக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இது குணமாகிற நோயில்லை. அவன் மாறாவிட்டால் சுற்றியிருப்பவர்கள் மாற வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று மனதுக்குள் நினைத்தேன். நடந்தது.

முன்பு அவன் படித்த பள்ளியில், நேற்றுச் சொன்ன வாய்ப்பாட்டை இன்று மறந்தால் திமிர் என்று வெயிலில் நிறுத்தினார்கள். இப்போதைய டீச்சர், நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறீர்கள். "நோட்டை எடு." எடுத்த பிறகு, "பக்கத்தைத் திருப்பு." பலகையில் அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து வைக்கிறீர்கள். அவனுக்காக வரைந்த படங்களை வகுப்பே பார்த்துக்கொண்டு நடக்கிறதாமே!

மளிகைக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. யார் கேட்டாலும் சட்டைப்பையில் இருப்பதைக் கொடுத்துவிடுவான். சீட்டைப் பார்த்துச் சாமான் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு உங்களுடையது.

அந்த சைக்கிள் விவகாரம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். பெரிய பையன்கள் எடுத்துவரச் சொன்னார்கள், அவன் எடுத்துவந்தான். அவர்கள் தன் கூட்டாளிகள் என்று இன்றுவரை நம்புகிறான். யார் எதைச் சொன்னாலும் சரியென்று தலையாட்டுவது இந்தப் பாதிப்பின் பெரிய ஆபத்து. அடித்துக் கேட்டால் செய்யாததையும் செய்தேன் என்பான். அடிக்காமல், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாக விசாரித்த ஏட்டையாவுக்கு என் கும்பிடு.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, இந்தப் பெயர் அதில் இல்லை. அறிவுசார் குறைபாடு என்ற பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டி, படிவத்தையும் நிரப்பித் தந்த தம்பிக்கு நன்றி.

அம்மன் கோயில் கொடை கமிட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேளச் சத்தம் கேட்டால் அவன் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுவான். போன கொடைக்கு எங்கள் தெருப் பக்கம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் விட்டீர்கள். சாமி காரியத்தில் கை வைப்பதா என்று கேட்டவர்களுக்குத் தலைவரே பதில் சொன்னார். அந்த வருடம்தான் அவன் முதன்முதலாக வில்லுப்பாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். சூளை விஷயம் இருக்கட்டும் என்றாள். தான் குடியை விட்ட கதையை மட்டும் எழுதாதே, அது தன் கதை, வேண்டும்போது தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி, இந்த மாதக் கணக்கைத் தீர்க்க வெள்ளிக்கிழமை கூலி வாங்கியதும் வருகிறேன்.