உயிரியல் பாதுகாப்புக் குழுத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குள் வைரஸ் இல்லாமல் மரபணுவைச் செலுத்தும் ஆய்வுக்கு உங்கள் குழுவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அந்த விண்ணப்பம் எந்த நிலையில் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. நீங்களும் தமிழர் என்பதால் இதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: எங்கள் விண்ணப்பத்தை அதற்குரிய கேள்விகளோடு, குறித்த நாளில் பரிசீலியுங்கள்.

போன கூட்டத்தின் பட்டியலில் நாங்கள் இருந்தோம். அதை நம்பி, அல்சூரிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் ஆய்வுக்கூட அண்ணனிடம் ரத்தம் எடுத்தோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்பே கிடைத்திருந்தது. டி செல்களைப் பிரித்துத் தூண்டிவிட்டால், அவற்றுக்குள் டிஎன்ஏவைச் செலுத்த அடுத்த இரண்டு மூன்று நாள்தான் நல்ல நேரம். கூட்ட நாளன்று காலையில், வெளி உறுப்பினர் வரவில்லை என்று ஒத்திவைத்தீர்கள். செல்களை ப்ளீச் ஊற்றிக் கொட்டினோம். "என் ரத்தம் என்னம்மா ஆச்சு?" என்று அண்ணன் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம் உங்கள் குறிப்பு வந்தது: வைரஸின் பெயரையும், டைட்டர் எனப்படும் அதன் செறிவு அளவையும் நிரப்ப வேண்டுமாம். எங்களிடம் வைரஸே இல்லை. நாங்கள் பயன்படுத்தப்போவது ஸ்லீப்பிங் பியூட்டி. சால்மன் வகை மீன்களின் மரபணுத் தொகுதியில் ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாகச் செயலிழந்து கிடந்த டிரான்ஸ்போசானின், அதாவது இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டின், எச்சங்களை ஒப்பிட்டு, பிழைகளைத் திருத்தி, 1997-இல் மீண்டும் இயங்க வைத்தார்கள். மனித செல்லிலும் அது வேலை செய்தது. அதன் இரு முனைகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கிறோம். வெட்டி ஒட்டும் டிரான்ஸ்போசேஸ் நொதியைத் தனியாக, அதை உருவாக்கும் தற்காலிகக் குறிப்பான எம்ஆர்என்ஏவாகக் கொடுக்கிறோம். எம்ஆர்என்ஏ சீக்கிரமே சிதைந்துவிடும். நொதியும் தீர்ந்தபின் ஒட்டிய மரபணுவை மறுபடி வெட்ட அங்கே எதுவும் இருக்காது.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. பிக்கிபேக் என்ற வேறொரு டிரான்ஸ்போசானைக் கொண்டு மாற்றிய செல்கள், ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் பத்துப் பேரில் இருவருக்கு லிம்போமா என்ற புற்றுநோயாக மாறியதை 2021-இல் வெளியிட்டார்கள். அதைப் பற்றிக் கேளுங்கள். ஒரு செல்லில் எத்தனை பிரதி நுழைகிறது, எந்த இடத்தில் நுழைகிறது, நொதி எவ்வளவு காலம் தங்குகிறது என்று கேளுங்கள். பதில்களை விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறோம். குழுவில் யாராவது அதைப் படித்தார்களா?

2023 அக்டோபரில் மும்பை ஐஐடியில் உருவான, நோயாளியின் டி செல்களை மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தபோது நம் வளாகமே மகிழ்ந்தது. அதில் மரபணுவைக் கொண்டுபோவது லென்டிவைரஸ். மருத்துவத் தரத்தில் வைரஸ் தயாரிக்க ஏராளமாகச் செலவாகும். செலவு குறைந்த வழியைத் தேடுகிற எங்களை ஒரு படிவக் கட்டம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஐந்து ஆண்டில் உதவித்தொகை தீர்ந்துவிடும். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளைக் குறைசொல்ல இங்கே யாருக்கும் உரிமையில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வைரஸ் படிவத்தை விட்டுவிட்டு, விண்ணப்பத்தை அதற்குரிய கேள்விகளோடு பரிசீலியுங்கள். வெளி உறுப்பினர் நேரில் வர முடியாவிட்டால் காணொளியில் சேர ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த கூட்டத் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதானாலும் சரி, காரணத்தையும் எழுத்தில் தாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வளாகத்து ஆய்வு மாணவி,
பெங்களூரு