கை நடுங்கவில்லை

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அரிவி வெட்டு முடிந்ததால் பட்டறை வாசலில் உடைந்த கலப்பைகள் குவிந்து கிடக்கின்றன. அவை கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு விடயம்.

போன மாதம் மாங்குளத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் உடைந்த இணைப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் 7075 என்று பொறித்திருந்தது; அது ஒருவகை அலுமினியக் கலப்புலோகம். நல்ல உலோகம், நன்றாகத்தான் ஒட்டும் என்று நினைத்துவிட்டேன். துருப்பிடிக்காத கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆர்கன் வாயு விட்டு, 4043 என்ற அலுமினிய ஒட்டுக் கம்பியை உருக்கி ஒட்டினேன். வரி மணியாக விழுந்தது. ஆறிய பிறகு பார்த்தால் நடுவில் தலைமயிர் போல ஒரு கோடு. அரைத்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன்; பக்கத்தில் வெடித்தது. மூன்றாம் முறையும் அப்படியே. கண்புரை வெட்டிய பிறகு கை போய்விட்டதோ என்று அன்றிரவு நித்திரையே இல்லை.

பிறகுதான் தேடி வாசித்தேன். 7075 ஏறத்தாழ 477 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கி, 635இல்தான் முழுக்க உருகுகிறது. ஆறும்போதும் அந்த இடைவெளி முழுவதையும் கடந்தாக வேண்டும். அம்மா பனங்கட்டி ஊற்றுவது நினைவிருக்கிறதா? மேலே இறுகியிருக்கும், உள்ளே பாகு நிற்கும், அவசரப்பட்டு எடுத்தால் பிளக்கும். இதிலும் துத்தநாகமும் மக்னீசியமும் செம்பும் சேர்ந்த கடைசித் திரவம், இறுகிய மணிகளுக்கிடையே மெல்லிய படலமாக நிற்கிறது. சுற்றியுள்ள உலோகம் சுருங்கி இழுக்க, அந்தப் படலம் கிழிந்துவிடுகிறது. 6061 என்ற இன்னோர் அலுமினியக் கலப்புலோகமும் கம்பியில்லாமல் உருக்கினால் வெடிக்கும். ஆனால் 4043இல் உள்ள ஐந்து வீதச் சிலிக்கன் அந்த இடுக்குகளை நிரப்பிக் காப்பாற்றிவிடும். 7075 அதற்கும் மசியாது. தப்பித் தவறி வெடிக்காவிட்டாலும், சூடு பட்ட இடம் பழைய பலத்தை இழந்துவிடும்.

வழி இல்லாமலில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2019இல் கம்பிக்குள் டைட்டேனியம் காபைட் நுண்துகள்களைக் கலந்து இதையே வெடிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். உருக்காமலே சுழற்றிப் பிசைந்து ஒட்டும் முறையை இங்கிலாந்தில் 1991இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டும் ஏ9 வீதியோரப் பட்டறைக்கு எட்டாதவை.

பையனிடம் காசைத் திருப்பிக் கொடுத்து, புதிய துண்டு வாங்கிப் பூட்டச் சொன்னேன். நான்காம் முறை ஒட்டு நின்றிருந்தாலும் அவனை அதில் ஓட விட்டிருக்க மாட்டேன். உடைந்ததை என்னிடமே விட்டுப் போனான். இப்போது அது பற்றுச்சீட்டுகள் பறக்காமல் மேசையில் பாரமாக இருக்கிறது.

நீ வரும்போது 4043 கம்பி ஒரு பெட்டி கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய பட்டறைக்காரன்