உன் காரின் துணிக்கூரை பற்றி

கொவென்ட்ரி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அப்பா முன்விளக்குகளைப் பார்த்து மகிழ்ந்தார். நான் கூரையைத்தான் பார்த்தேன். கார்க் கூரையும் இருக்கை உறையும் தைக்கும் பட்டறையில் இத்தனை வருடம் இருந்தவளுக்குக் கண் வேறெங்கும் போகாது. தொலைபேசியில் சொன்னால் நீ பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

உன்னுடையது, கூரையை மடித்துத் திறக்கக்கூடிய மஸ்டா எம்.எக்ஸ்.-5 இன் முதல் தலைமுறைக் கார். 1989 இல் அறிமுகமான அந்தத் தலைமுறைக்குத் தொழிற்சாலையில் போடப்பட்டது பெரும்பாலும் வினைல் கூரையும், சிப் வைத்துத் திறக்கும் பிளாஸ்டிக் பின்யன்னலும்தான். கண்ணாடிப் பின்யன்னல் 1998 இல் வந்த இரண்டாம் தலைமுறையோடு வந்தது. உன் காரின் வினைலை யாரோ கழற்றிவிட்டுத் துணிக்கூரை போட்டிருக்கிறார்கள், ஆனால் பின்யன்னல் இன்னும் பிளாஸ்டிக்தான். ஆகவே ஒரே கூரையில் இரண்டு வகைப் பராமரிப்பு உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வினைலுக்கென்று விற்கும் பளபளப்புத் திரவத்தைப் பூசச் சொல்லி உன் நண்பன் கூறியதாக எழுதியிருந்தாய். துணியில் அதைப் பூசினால் பிசுபிசுப்பு ஏறித் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம்.

நீ கேட்டது எந்த நீர்விலக்கியை வாங்குவது என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் வேலையிலும் அது கடைசியாகத்தான் வரவேண்டும். நல்ல கூரைத் துணி மூன்று அடுக்குக் கொண்டது: மேலே சாயம் ஏற்றிய அக்ரிலிக் நெசவு, நடுவில் மெல்லிய இறப்பர்ப் படலம், உள்ளே இன்னொரு துணி. மழையை உண்மையில் தடுப்பது நடுவிலுள்ள இறப்பர். மேல் நெசவில் பூசும் நீர்விலக்கி, அந்த நெசவு நீரை உறிஞ்சி நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்து பாசி பிடிக்காமல் இருக்கத்தான் உதவுகிறது. கார் நனைந்தது என்று எங்கள் பட்டறைக்கு வந்தவர்களில் பலருக்குத் துணியில் ஒரு குறையும் இருந்ததில்லை. நீர் போகும் வழி அடைபட்டிருந்தது, அல்லது தையல் விட்டிருந்தது.

எனவே முதலில் வடிகாலைப் பார். கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர், துணியின் கீழே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இருபக்கமும் உள்ள துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேறும்படி இந்தக் காரை அமைத்திருக்கிறார்கள். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலையும் சேறும் அந்தத் துளைகளில் இறுகிவிடும். அப்போது வாய்க்கால் நிரம்பி, நீர் கம்பளத்துக்கு அடியிலும் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்துக்குள்ளும் புகுந்துவிடும். முதல் தலைமுறைக் கார்களில் பின்சக்கர வளைவுக்கு முன்னால் அந்தச் சட்டம் துருப்பிடித்து, வருடாந்தத் தகுதிச் சோதனையில் தோற்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கூரையைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, இருக்கைப் பட்டி இருக்கும் தூணுக்குப் பின்னால் விளக்கடித்துத் துளையைக் கண்டுபிடி. ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்று. அடியில் தாராளமாக ஒழுகினால் நல்லது. ஒழுகாவிட்டால், புல்வெட்டும் கருவியில் சுற்றும் வளையக்கூடிய பிளாஸ்டிக் நரம்பை உள்ளே விட்டு மெல்லச் சுழற்று. கம்பி விடாதே, அழுத்தக் காற்றும் அடிக்காதே. குழாய் கழன்றுவிட்டால் அதை மீண்டும் பொருத்துவது பெரிய தொல்லை. இலையுதிர் காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

அடுத்தது தையல். இடப்பக்கக் கதவு யன்னலுக்கு மேலே தையல் வெளுத்து, ஓரிடத்தில் நூல் எழும்பி நிற்பது படத்தில் தெரிகிறது. துணிக்கு முன்னால் நூல்தான் சாகும், ஏனென்றால் பொலியெஸ்டர் நூலை வெயில் ஆண்டாண்டாக அரித்துவிடும். அந்த இடத்தில் கூரை மடியும்போது, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து உரசுகிறது. கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைத் தொடாதே. அது காய்ந்து கல்லாகி, பக்கத்துத் துணியையும் வெடிக்கவைக்கும். வீட்டுத் தையல் பருத்தி நூலும் ஈரத்தில் உளுத்துவிடும். விட்ட தையலை வளைந்த ஊசியால், பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கித் தைக்கவேண்டும்; புதிதாக ஒரு துளை போட்டால் அது இறப்பர்ப் படலத்தில் மழைக்குத் திறந்த வாசல். வெயிலுக்கு அசையாத டெஃப்லான் நூல் என்று ஒன்று இருக்கிறது, விலை அதிகம், என்னிடம் ஒரு கண்டு மீதி இருக்கிறது.

இனிக் கழுவுவது. நீ இருக்கும் கடலோர அபர்டீனில் உனக்குப் பெரிய எதிரி கடற்காகம். அதன் எச்சம் அமிலம் கொண்டது, சிப்பித் துண்டும் மணலும் கலந்திருக்கும். காய்ந்ததைத் துடைத்தால் பிளாஸ்டிக் யன்னலில் உரஞ்சு காகிதம் போட்டது போலாகும். ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு, பிறகு தூக்கி எடு. கூரை முழுவதையும் கழுவும்போது முதலில் தூசியை உலரவே உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து, மென்மையான பிரஷால் நெசவின் போக்கில் முன்னிருந்து பின்னாகத் தேய். பாத்திரம் கழுவும் திரவமும் வெளுப்பானும் ஆகாது. உயர் அழுத்த நீர் நூலையும் நெசவையும் பிய்க்கும். தானாகச் சுழலும் பிரஷ் உள்ள கழுவுமிடங்கள் பக்கம் இந்தக் காரைக் கொண்டுபோகவே வேண்டாம். நுரை கொஞ்சமும் மிஞ்சாதபடி அலசு, ஏனென்றால் எஞ்சிய சவர்க்காரம் மேலே பூசும் நீர்விலக்கியைப் பிடிக்கவிடாது. துணி நரைத்துவிட்டது, கறுப்புச் சாயம் பூசலாமா என்று கேட்டிருக்கிறாய். கழுவிக் காய்ந்த பிறகு பார். உன் நரைப்பில் பாதி பாசி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிளாஸ்டிக் யன்னலுக்கு நிறைய நீரும் மென்மையான துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் அதை மங்கச் செய்யும். பனி உறைந்தால் சுரண்டவும் கூடாது, சுடுநீர் ஊற்றவும் கூடாது. சூடேற்றியை ஓடவிட்டுக் காத்திரு, வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்திருக்கும், மடித்தால் மடித்த இடத்திலேயே வெடிக்கும். கோடையிலும் கூரையை இறக்குமுன் சிப்பைத் திறந்து, யன்னலைத் தட்டையாகப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு துவாயை விரித்த பிறகே மடி. அவசரத்தில் சிப்பைத் திறக்காமல் மடிக்கிறவர்களின் கார்களில் யன்னலுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அது போகவே போகாது.

ஈரக் கூரையை மடிக்காதே. மடித்து வைத்தே பல வாரம் விடவும் வேண்டாம்: பூஞ்சணமும் பிடிக்கும், துணி சுருங்கி முன்பக்கக் கொக்கிகளைப் பூட்ட முடியாமலும் போகும். கார் நிற்கும்போது கூரை மேலே இழுபட்டு நிற்கட்டும். உறை போடுவதானால் காற்றுப் புகும் உறையாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அடியில் வியர்த்துக் கிடக்கும். கதவோர இறப்பர்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவு, பெற்றோலியக் களிம்பு தடவாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ரெனோவோ, ஃபேப்சில் என்ற நீர்விலக்கிகள் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. துணிக்கென்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து வாங்கு. யன்னலையும் பெயின்டையும் காகிதத்தால் மறைத்துவிட்டு, முற்றாகக் காய்ந்த கூரையில், ஒரு தடித்த பூச்சுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய பூச்சுப் பூசு. மறுநாள்வரை மழையில்லாத நாளை உங்கள் ஊரில் தேடிப் பிடிப்பது உன் பாடு. வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பார்கள். மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும்வரை மறுபடி பூசத் தேவையில்லை.

ஏப்ரலில் நாங்கள் அங்கே வரும்போது ஊசியையும் டெஃப்லான் நூலையும் கொண்டுவருகிறேன். அதுவரை அந்தத் தையல் பக்கத்தை உள்ளிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. உள்துணியில் நீர்க்கறை இருந்தால் நூலோடு இன்னும் ஒரு துண்டுத் துணியும் வேண்டியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா