ஸ்விட்சில் யார் எதைச் செருகலாம்?

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத் துறை ஒன்று கணினி ஆய்வகம் கேட்டால் விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், ஸ்டாக் ரெஜிஸ்டர் எனக் கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. வாங்கிய கணினிகளை யார் பராமரிப்பது, எத்தனை ஆண்டுக்கு, எதெல்லாம் அவர் வேலையில் சேராது என்பதற்கு மட்டும் அதில் ஒரு தாள்கூட இருப்பதில்லை. ‘நெட் வரல சார்’ என்ற புகாரின் வேரைத் தேடிப் போனால் பல நேரம் பழுதான பொருள் அகப்படாது. எழுதப்படாத விதிதான் அகப்படும்.

பேராசிரியர் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரிச்சி தெருவில் ஒரு சாதாரண வீட்டு ரவுட்டரை வாங்கிவந்து, சுவர் பாயின்ட்டிலிருந்து வரும் வயரை அதன் லேன் துளையில் (உள் இணைப்புக்கான LAN துளை) செருகிவிடுகிறார். அந்த நிமிடம் முதல் அதுவும் தன் பங்குக்கு ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய எண்) வழங்கத் தொடங்கிவிடும். துறையின் சர்வரா, இந்த ரவுட்டரா, எது முந்திப் பதில் சொல்கிறதோ அது தரும் முகவரியைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். எனவே 60 சிஸ்டம் உள்ள லேபில் சிலவற்றில் நெட் வரும், சிலவற்றில் வராது. ரீஸ்டார்ட் செய்தால் வந்தது நிற்கும், நின்றது வரும். லேப் அசிஸ்டென்ட் பேட்ச் கார்டை (இணைப்பு வயரை) மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

நெட் வராத கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) கொடுத்து, முகவரி வழங்கியது எது என்று காட்டும் ‘டி.எச்.சி.பி. சர்வர்’ (DHCP Server) என்ற வரியைப் பாருங்கள். துறை சர்வரின் முகவரிக்குப் பதிலாக 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருந்தால் அது பெரும்பாலும் வீட்டு ரவுட்டர்தான். (கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. யாருமே பதில் தரவில்லை; சர்வர் நின்றிருக்கலாம், அல்லது கொடுக்க முகவரி தீர்ந்திருக்கலாம்.) அடுத்து ‘ஆர்ப் -ஏ’ (arp -a) கொடுத்து அந்த ரவுட்டரின் மேக் எண்ணை (கருவிக்கே உரிய அடையாள எண்) எடுத்து, அறைகளின் வயர்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் மேக் அட்டவணையில் தேடினால் எந்தப் போர்ட், எந்த அறை என்று தெரிந்துவிடும். மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்நுழைந்து பார்த்துக் கட்டுப்படுத்தக்கூடிய ஸ்விட்ச்) இல்லாத இடத்தில் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழி.

மேனேஜ்டு ஸ்விட்சை வாங்கி வைத்துவிட்டு ‘டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்’கை இயக்காமல் விடுவதும் நடக்கிறது. சர்வர் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்து அதை இயக்கினால், வேறெந்தப் போர்ட்டிலிருந்து யார் முகவரி வழங்கினாலும் ஸ்விட்சே தடுத்துவிடும். ஒரே வயரின் இரு முனைகளையும் பக்கத்துப் பக்கத்துப் பாயின்ட்களில் செருகி மொத்த மாடியையும் முடக்கும் விபத்துக்கு, அப்படி வளையம் விழுந்த போர்ட்டைத் தானே அணைக்கும் ‘பி.பி.டி.யூ. கார்டு’ (BPDU guard) வசதியையும் ஸ்விட்சில் இயக்க வேண்டும்.

ஆனால் தடை பாதி விதிதான். ‘சொந்த ரவுட்டர் கூடாது’ என்று சுற்றறிக்கை விட்டால் ரவுட்டர் மேசைக்கு அடியில் போகும், அவ்வளவே. வைஃபை எட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தால் இத்தனை வேலை நாளுக்குள் ஆக்சஸ் பாயின்ட் போடப்படும் என்ற மறுபாதியும் அதே தாளில் வேண்டும். வயரை ரவுட்டரின் வேன் துளையில் (வெளி இணைப்புக்கான WAN துளை) சரியாகச் செருகினாலும் சிக்கல் தீராது. அதன் பின்னால் இருக்கும் பத்து பேரும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். கணினி அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவேடுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. ரவுட்டருக்குப் பின்னால் இருந்து யார் என்ன செய்தார் என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது.

கணினிகளுக்கு முடிவுத் தேதியும் எழுதப்பட வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிஸ்டம்களை, மிகச் சில சிப்களைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. கல்வி நிறுவனங்களுக்கு நீட்டிப்பு அப்டேட் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, மூன்றாம் ஆண்டு 4. அதற்குமேல் கிடையாது. சி, பைத்தான் லேப்களுக்கு லினக்ஸே போதும். நம்மூர் சி-டாக்கில் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவான பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆய்வுக் கருவியோடு வந்த பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினியைத் தூக்கி எறிய முடியாதுதான். அதை நெட்டிலிருந்து பிரித்து வையுங்கள்.

யூ.பி.எஸ். விஷயத்தில் சென்னை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். ஏ.சி. இல்லாத மூலையில் வைத்த யூ.பி.எஸ். முழுச் சார்ஜ் காட்டிக்கொண்டே இருந்து, கரன்ட் போன இரண்டாவது நிமிடத்தில் அணைந்துவிடும். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு மெயினை அணைத்து, முழு லோடில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது விதியாக வேண்டும். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் பேட்டரி சேருமா என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள், பெரும்பாலும் சேராது. சர்வர் ரேக்கைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது என்பதை 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகும் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

சொந்த லேப்டாப்பை வைஃபையில் சேர்த்துத் தருவது பராமரிப்பவர் வேலை. அதன் ஹார்டு டிஸ்க் செத்தால் மீட்டுத் தருவது அவர் வேலையல்ல. இந்தக் கோடு எழுத்தில் இல்லாததால் செய்முறைத் தேர்வு நாளிலும் அவர் யாருடைய வீட்டு பிரின்டரையோ பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்விட்ச், ஃபயர்வால், சர்வர் பாஸ்வேர்டுகள் ஒப்பந்தப் பணியாளரின் தலைக்குள் மட்டும் இருப்பது பல இடங்களில் உள்ள நிலை. அவற்றை எழுதி உறையிட்டு முத்திரை வைத்துத் துறைத் தலைவரின் பீரோவில் வைக்க வேண்டும். பணியாளர் விலகும் நாளில் உறையைப் பிரித்து, அவர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாக உள்நுழைந்து சரிபார்த்து, எல்லாவற்றையும் மாற்றிய பிறகே நிலுவையில்லாச் சான்றில் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்,
சென்னை - 41