அரை மணி நேரத்தில் செத்துப்போகும் 48 வோல்ட்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸில் பேன்டம் பவர் கோளாறு, சர்வீஸ் என்ற பெயரில் அலைக்கழிப்பு, முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். என் புகார் எண்ணை இங்கே எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நான் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணை மூடிவிட்டுப் புது எண் கொடுக்கிறீர்கள். எது உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றின் நகலையும் இணைத்துவிட்டேன். பொருளைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, நீங்கள் செய்தது, உங்களுக்குத் தெரியும். மைக்கையும் கிதாரையும் லேப்டாப்போடு இணைக்கிற, யூஎஸ்பியில் ஓடுகிற அந்தச் சின்னப் பெட்டி, முன்பக்கம் 48 வோல்ட் பொத்தானும் சிவப்பு விளக்கும் இருக்குமே, அதேதான்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, கேபிள் வழியாக இந்த 48 வோல்ட் (அதுதான் பேன்டம் பவர்) வந்தால்தான் பேசும் கன்டென்சர் மைக்கும் வேலை செய்கிறது. சுமார் அரை மணி நேரம் போனதும் சத்தம் மெல்ல இறங்கும். பிறகு கரகரப்பு. அப்புறம் மைக் செத்துவிடும். விளக்கு மட்டும் எதுவும் நடக்காத மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். பெட்டியை அணைத்து ஆறவைத்தால் மறுபடி உயிர் வரும், மறுபடி அரை மணி நேரம்தான்.

மைக், கேபிள், லேப்டாப் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் வேலூர் லாங் பஜார் பக்கம் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மைக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை வைத்து கேபிளின் 1ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தார். முதலில் 47 சொச்சம் காட்டியது. பெட்டி சூடாகச் சூடாக 40, 35 என்று இறங்கிக்கொண்டே போனது. 44க்கும் 52க்கும் நடுவில் நிற்க வேண்டியது அது. யூஎஸ்பியில் வருகிற 5 வோல்ட்டை 48 ஆக ஏற்றுகிற சர்க்யூட்தான் சூட்டில் படுத்துவிடுகிறது என்றார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை அந்த மனிதர்.

உங்கள் சென்னை சர்வீஸ் சென்டர் இதே பெட்டியை வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’ என்று எழுதி அனுப்பியது. ஜாப் ஷீட்டை வாசித்துப் பாருங்கள். டைனமிக் மைக் வைத்துச் சோதித்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். டைனமிக் மைக்குக்கு எதற்கு ஐயா 48 வோல்ட்? அது இல்லாமலேயே அந்த மைக் பாடுமே! கெட்டுப்போன பாகத்தைத் தொடாமலேயே பெட்டி நன்றாக இருக்கிறது என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். பல்லைக் காட்டப் போனவனுக்கு முழங்காலைத் தட்டிப் பார்த்து அனுப்பிய கதை.

இத்தனைக்கும் அந்தப் பெட்டியை உங்களிடம் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசி, லீவு கிடையாது. சம்பளப் பிடித்தத்தில் ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து, சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போனேன். பெட்டியும் மைக்கும் மடியில் வைக்கக்கூட இடமில்லை. உங்கள் இணையதளத்தில் இருந்த அண்ணா சாலை முகவரிக்குப் போனால் இரண்டாவது மாடியில் பூட்டு தொங்குகிறது. வாட்ச்மேன் சொல்கிறார்: “அது காலி பண்ணி ரொம்ப நாளாச்சு சார், அம்பத்தூருக்குப் போயிட்டாங்க.” தினம் யாராவது ஒருத்தர் என்னைப் போலப் படியேறி வருகிறார்களாம். அம்பத்தூருக்கு ஆட்டோ. அங்கே கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஆன்லைன்ல டோக்கன் போட்டீங்களா? டோக்கன் இல்லாம வாங்கமாட்டோம்” என்றாள். சரி, இங்கேயே நின்று போடுகிறேன் என்றால் அடுத்த வாரத்துக்குத்தான் நேரம் காட்டுகிறது. வேலூரிலிருந்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “லஞ்ச் டைம் சார்” என்று ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே காட்பாடிக்குத் திரும்பினேன். பிறகு என் செலவில் கூரியரில் அனுப்பினேன். இந்தக் கடிதத்தை எழுதும் இன்றைக்கும் உங்கள் தளத்தில் அண்ணா சாலை முகவரிதான் இருக்கிறது.

எர்த் விஷயத்தை விட்டுவிட்டேன். இது அதற்கும் முன்னால் நடந்தது. முதன்முதலில் போன் செய்தபோது “உங்க வீட்டுல எர்த் சரியில்ல” என்றார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, கம்பி இழுத்தோம். பில் இணைத்திருக்கிறேன். ஒரு மாற்றமும் இல்லை. லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டினாலும் இதே கோளாறு வருகிறது. அப்போது உங்கள் பெட்டிக்கும் என் வீட்டு மின்சாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதை எடுத்துச் சொன்னால் டெக்னிக்கல் ஆள் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், “வேலூரா சார்? அங்க வெயில் ஜாஸ்தி, அதான்” என்கிறார். உங்கள் கையேட்டில் 40 டிகிரி வரை தாங்கும் என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் ரெக்கார்டு செய்வது இரவு பதினொரு மணிக்கு மேல். அந்த நேரத்தில் எங்கள் ஊரிலும் சூரியன் இருக்காது.

ஏன் அந்த நேரம்? சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் தெரு. லாரி ஹாரன் கொஞ்சம் அடங்குவது அப்போதுதான். மைக்கில் விழும் என்பதால் ஃபேனை நிறுத்த வேண்டும். பிரிட்ஜைப் பிடுங்க வேண்டும், சுவரில் மெத்தையைச் சாய்க்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். மே மாதம் வேலூரில் ஃபேன் இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் மேலதிகாரிகள் யாராவது ஒரு மணி நேரம் கிதாரோடு உட்காரட்டும், பிறகு பேசுவோம்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை விடுவதாக இல்லை. பேசியது யார் என்று உங்கள் பதிவில் இருக்கும், ‘தரத்தை உயர்த்துவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்றுதானே ஆரம்பிக்கிறீர்கள். என்ன ரெக்கார்டு பண்றீங்க என்று கேட்டார். வீடியோ கேம்களில் வரும் இசையைக் கிதாரில் வாசித்துப் பதிவு செய்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். “கேம் மியூசிக்தானே சார், மொபைல்லயே எடுத்துக்கலாமே. இதுக்குப் போய் ஸ்டுடியோ மைக்கா?” என்றார். பக்கத்தில் யாரிடமோ எதையோ சொல்லி இருவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு ஹோல்டில் போட்டுவிட்டார். அந்த ஹோல்டு இசையில் மட்டும் ஒரு கரகரப்பும் இல்லை.

அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும். 1985இல் வந்த மரியோ கேமுக்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. அந்த கேம் ஓடிய நின்டெண்டோ கருவியில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 5 சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய 5 தனித்தனி ஒலிகள். மெட்டுக்கு இரண்டு, பேஸுக்கு, அதாவது கீழ்ஸ்தாயிக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் சேனல் ஒன்று, பதிவு செய்த ஒலித் துணுக்குகளுக்கு ஒன்று. அதற்குள்ளேயே தண்ணீருக்கடியில் நீந்தும் கட்டத்துக்குத் தனியாக மூன்றடித் தாளத்தில் ஒரு வால்ட்ஸ் போட்டிருக்கிறார். தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடிய எங்கள் தலைமுறைக்கு அது வெறும் கேம் சத்தம் இல்லை. அந்த மெட்டு, பேஸ், தாளம் எல்லாவற்றையும் ஒரே கிதாரில் கொண்டுவரப் பார்க்கிறேன். மெட்டு மேல் தந்தியில், பேஸ் கட்டைவிரலில், தாளத்துக்குக் கிதாரின் மரத்தில் நகத்தால் மெல்லத் தட்ட வேண்டும். அந்த நகச் சத்தத்தைப் பிடிக்கத்தான் கன்டென்சர் மைக். அந்த மைக்குக்குத்தான் 48 வோல்ட். அதற்குத்தான் உங்கள் பெட்டி. மொபைலில் எடுத்துக்கலாமாம்!

பெட்டி உங்களிடமிருந்து திரும்பி வந்தபோது மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கெய்ன் திருகின் மூடி ஒன்றைக் காணவில்லை. ஜாப் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அனுப்பிய யூஎஸ்பி கேபிளும் வரவில்லை. கேட்டால் “நீங்க அனுப்பவே இல்ல சார்” என்கிறார்கள்.

பணம்கூடப் போகட்டும். என் சித்தி பெண் நன்றாக வயலின் வாசிப்பாள், பெங்களூரில் வேலை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வந்தவளைக் கெஞ்சி, ஓர் இரவு வேலூரில் நிறுத்தினேன். டெட்ரிஸ் கேமில் வருமே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப்புற மெட்டு, அதை அவள் வயலினில் எடுத்துப் போக, நான் கிதாரில் பின்னால் போனேன். அப்படி ஒரு வாசிப்பை நாங்கள் இருவரும் அதுவரை வாசித்ததில்லை. போட்டுக் கேட்டால் பாதியில் வயலின் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் கரகரப்பைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி வாசிக்கலாம் என்றேன். “போதும்ணா, விடியப் போகுது” என்று படுத்துவிட்டாள், காலையில் பஸ் ஏறிவிட்டாள். அந்த வாசிப்பு இந்த ஜென்மத்தில் இனி வராது. அதற்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? அன்றோடு கிதாரை உறைக்குள் போட்டவன்தான், என் சங்கீத வாழ்க்கையே உங்களால் முடிந்துபோனது என்று தாராளமாகச் சொல்வேன்.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், இந்தப் பெட்டியின் ஒலி அருமையாகவே இருக்கிறது, முதல் அரை மணி நேரம். தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரை இதைப் படிக்கச் சொல்லுங்கள். இனி ரிப்பேர் வேண்டாம், மாற்றுப் பெட்டியும் வேண்டாம். பெட்டியின் முழு விலை, எலக்ட்ரீஷியன் பில், கூரியர் செலவு, பிடித்த ஒரு நாள் சம்பளம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவற்றைக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். வாரன்டி முடியப் போகிறது என்று உங்களிடமிருந்து குறுஞ்செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. அதுவரை இழுத்தடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் மேஜையில் கிடந்த நாட்களையும் என் வாரன்டியில் கழிப்பது என்ன நியாயம்?

பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன். அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. எனக்குக் காட்பாடி ரயில் வேண்டாம், வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடுவேன். இந்தத் தடவை ரயில் ஏறி வர வேண்டியது நீங்கள்தான்.

அவ்வளவு தூரம் போகாது என்று இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி, வேலூரிலிருந்து,
பில்லில் பெயர் உள்ள உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், ஜாப் ஷீட், எலக்ட்ரீஷியன் ரசீது, கூரியர் ரசீது, மல்டிமீட்டர் வீடியோ இருக்கும் பென் டிரைவ்.

பின்குறிப்பு: பதிலை எழுத்தில் அனுப்பவும். போன் செய்துதான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்குச் சிரித்தவரைப் பேச வைக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்பதற்காக என்றால் மட்டும் அவர் பேசலாம்.